போன மாசம்தானே பூச்சி மருந்து கொடுத்தோம்... பள்ளியில் மறுபடியும் தர்றாங்களே? குடற்புழு மாத்திரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தேவை?

பிப்ரவரியோ ஆகஸ்ட்டோ நெருங்கினால் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் அந்த அறிவிப்பு வந்துவிடும். "நாளை குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்படும். மாணவர்கள் தவறாமல் வரவும்." ஸ்ரீரங்கமோ, திருவானைக்கோவிலோ, உறையூரோ, எங்கே இருந்தாலும் பெற்றோரின் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "போன மாசம்தான் மெடிக்கல்ல சிரப் வாங்கிக் கொடுத்தேன், மறுபடியும் கொடுக்கணுமா?" "என் பொண்ணுக்குப் பூச்சியே இல்லையே?" "ஒருத்தர் ஆறு மாசம்ங்கறார், இன்னொருத்தர் மூணு மாசம்ங்கறார். எதுதான் சரி?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்தின்படி ஆண்டுக்கு இரண்டு முறை, அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒன்று முதல் 19 வயது வரை உள்ள எல்லோருக்கும். 2015 பிப்ரவரி 10 அன்று தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் தொடங்கிய தேசிய குடற்புழு நீக்க நாள், 2016-ல் நாடு முழுவதற்கும் விரிந்தது. பிப்ரவரியில் ஒரு சுற்று, ஆகஸ்ட்டை ஒட்டி இன்னொன்று. தேதி மாநிலத்தின் வசதிக்கேற்ப சில நாள், சில வாரம் முன்பின் ஆகும்.

ஆனால் இந்த ஆறு மாதக் கணக்கு உங்கள் குழந்தையின் வயிற்றைப் பார்த்துப் போட்டது அல்ல, ஊரின் மண்ணைப் பார்த்துப் போட்டது. இது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு விடை தானாகக் கிடைத்துவிடும்.

மூன்று புழு, மூன்று குணம்

"வயித்துல பூச்சி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளியில் தரும் மாத்திரை குறிவைப்பது முக்கியமாக மூன்று புழுக்களை: நாக்குப்பூச்சி என்று கிராமத்தில் சொல்லும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. மூன்றுமே மண் வழியாகப் பரவுபவை. ஒருவர் வயிற்றிலிருந்து இன்னொருவர் வயிற்றுக்கு நேராகத் தாவாது. நடுவில் மண் வேண்டும்.

உருண்டைப்புழு ஒரு சாண் நீளத்தைத் தாண்டி வளரும். பெண் புழு ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடக்கூடியது. மலத்தோடு வெளியே வரும் முட்டை அன்றைக்கே யாருக்கும் தொற்றாது. ஈர மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து பக்குவமாக வேண்டும். பிறகு கழுவாத கை, கழுவாத காய்கறி வழியாக வாய்க்குள் போகிறது. குடலில் பொரிந்த புழுக்குஞ்சு நுரையீரல் வரை ஒரு சுற்றுப்போய், தொண்டை வழியாக மறுபடி குடலுக்கு வந்து வளர்ந்து, முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும்.

கொக்கிப்புழுவின் வழியே வேறு. வளர்ந்த பிறகும் ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும் புழு இது. இதன் புழுக்குஞ்சு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே நுழைகிறது. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு குடிப்பது ஒரு சொட்டுக்கும் குறைவுதான். நூறு புழு இருந்து, ஆண்டுக்கணக்கில் குடித்தால்? ரத்தசோகை அங்கேதான் தொடங்குகிறது. வகுப்பில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை "படிப்புல நாட்டமில்லை" என்று திட்டுவதற்கு முன், கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கொக்கிப்புழுக் குஞ்சுக்குப் பிடித்தது மணற்பாங்கான, ஈரமான, நிழல் விழும் மண். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாகக் கிடக்கும் ஸ்ரீரங்கத்தைச் சுற்றியும், கரூர் சாலையில் முத்தரசநல்லூர், ஜீயபுரம் பக்கம் விரியும் வாழைத் தோப்புகளிலும் அந்த மண்ணுக்குப் பஞ்சமில்லை. அதனால் அங்கெல்லாம் புழு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. யாராவது மலம் கழித்தால்தான் மண்ணில் முட்டை சேரும். மண் தயாராக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

மாத்திரை தடுப்பூசி அல்ல

பள்ளியில் தருவது அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு அங்கன்வாடியில் அதில் பாதி, பொடித்து, தண்ணீரில் கலந்து தருவார்கள். "ஆறு வயசுப் பையனுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனுக்கும் ஒரே அளவா?" என்று சிலர் பயப்படுகிறார்கள். இந்த மருந்து பெரும்பாலும் குடலுக்குள்ளேயே நின்று புழுவின் மேல் வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது குறைவு. அதனால்தான் எடை பார்த்து அளவு மாற்றுவதில்லை. புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் செய்வதுதான் மருந்தின் வேலை. பட்டினியில் சோர்ந்து பிடி தளர்ந்த புழு, மலத்தோடு வெளியேறிவிடும்.

ஓரிரு நாளில் மருந்து உடம்பை விட்டுப் போய்விடுகிறது. மறுவாரமே குழந்தை அசுத்தமான மண்ணை மிதித்தாலோ, அந்தக் கையோடு மாங்காய் தின்றாலோ, புதுத் தொற்றைத் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது. "போன வருஷம் போட்டாச்சே" என்ற வாதம் அம்மை ஊசிக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

எத்தனை வேகத்தில் தொற்று திரும்பி வருகிறது? பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2012-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு இதை எண்ணிக்கையாகவே சொல்கிறது. சிகிச்சைக்கு முன் ஓரிடத்தில் 100 பேருக்கு உருண்டைப்புழு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுத்த ஆறாவது மாதத்தில் 68 பேருக்கு மறுபடியும் இருக்கும். ஓராண்டு விட்டுப் பார்த்தால் 94 பேர், அதாவது ஏறக்குறைய பழைய நிலை. சாட்டைப்புழு ஆறு மாதத்தில் 67, ஓராண்டில் 82. கொக்கிப்புழு கொஞ்சம் மெதுவாகத் திரும்புகிறது: 55, பிறகு 57.

"அப்போ ஆறு மாசத்திலேயே பாதிக்கு மேல திரும்பிடுதே, என்ன பிரயோஜனம்?" நியாயமான கேள்வி. தொற்று இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கணக்கு, வயிற்றில் எத்தனை புழு என்பது வேறு கணக்கு. இரண்டு புழு இருக்கும் பிள்ளைக்குப் பெரிய பாதிப்பு இல்லை. நூறு இருந்தால் உண்டு. புழுக்கள் வயிற்றில் குட்டி போட்டுப் பெருகுவதில்லை, ஒவ்வொன்றும் வெளியிலிருந்து தனித்தனியாக வந்து சேர வேண்டும். எனவே எண்ணிக்கை கூட மாதங்கள் பிடிக்கும். அது கூடுவதற்குள் ஒருமுறை துடைத்து எடுப்பதுதான் ஆறு மாத இடைவெளியின் நோக்கம்.

சரி, மாசா மாசம் கொடுத்தால்?

தேவையில்லை. இதில் ஒரு குழப்பம் வெகு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு எடுத்துப் பிள்ளை தூங்காமல் புரண்டால், அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. நூல் போல வெள்ளையாக இருக்கும். இதற்கு மண் தேவையில்லை. நகம், படுக்கை, உள்ளாடை வழியாக வீட்டுக்குள்ளேயே பரவும். இதற்கு மருத்துவர் ஒரு டோஸ் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று எழுதுவார். வீட்டில் எல்லோரையும் சேர்த்துச் சாப்பிடச் சொல்வார். அந்த "ரெண்டு வாரம் கழிச்சு இன்னொன்னு" என்பது அக்கம்பக்கத்தில் பரவி, எல்லாப் பூச்சிக்கும் அப்படித்தான் என்றாகி, கடைசியில் மாதம் ஒரு சிரப் என்ற பழக்கத்தில் வந்து நிற்கிறது.

அடிக்கடி கொடுப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஆடுகளுக்கு இதே வகை மருந்துகளைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில், உலகின் பல பகுதிகளில் புழுக்கள் மருந்துக்கு அசராத நிலைக்கு வந்துவிட்டன. மனிதர்களில் அப்படி ஒரு நிலை வந்துவிடக் கூடாது என்பது ஆராய்ச்சியாளர்களின் கவலை.

மாத்திரை ஒன்றானாலும் மூன்று புழுவுக்கும் ஒரே பலன் இல்லை. ஒரு டோஸ் அல்பெண்டசோல் உருண்டைப்புழுவை 100 பேரில் சுமார் 95 பேருக்கு முழுமையாக நீக்குகிறது. கொக்கிப்புழு என்றால் சுமார் 80 பேருக்கு. சாட்டைப்புழுவில் அது 30 பேர் அளவுக்குத்தான். சாட்டைப்புழு உறுதியான பிள்ளைக்கு மருத்துவர் மூன்று நாள் தொடர்ந்து மருந்து எழுதுவது இதனால்தான். அது சிகிச்சை, பள்ளியில் நடப்பது ஊர் முழுக்கப் போடும் ஒரு துடைப்பு.

ஒரே மாவட்டம், ஒரே மாத்திரை... ஆனால் ஒரே மண்ணா?

ஆண்டுக்கு ஒன்றா, இரண்டா என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது: பரிசோதித்த குழந்தைகளில் 20 சதவீதம் அல்லது அதற்கு மேல் புழுத்தொற்று இருக்கும் பகுதியில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து. 50 சதவீதத்தைத் தாண்டினால் இரண்டு முறை. ஐந்தாறு ஆண்டுகள் ஒழுங்காகக் கொடுத்த பிறகு மறுபடி மலப் பரிசோதனை நடத்த வேண்டும். தொற்று 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொள்ளலாம்.

குறைக்கலாம் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. ராஜஸ்தானில் 2013-ல் தொற்று 21.1 சதவீதம்தான் என்பதால் ஆண்டுக்கு ஒரே சுற்று வைத்தார்கள். 2019-ல் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டதாக மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பக்கத்து ஆந்திராவின் கதை வேறு. 2016-ல் 36 சதவீதம், 2019-ல் 34.3. அசையவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாத்திரை அதே மாத்திரைதான்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் வேலூர், திருவண்ணாமலைப் பகுதிப் பள்ளிகளில் நடத்தி 2014-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கவனிக்க வேண்டியது. மொத்தமாகப் பார்த்தால் 7.8 சதவீதப் பிள்ளைகளுக்குத்தான் புழு. ஆனால் பள்ளிவாரியாகப் பிரித்தால் சில இடங்களில் பூஜ்ஜியம், சில இடங்களில் 20 சதவீதத்துக்கு மேல். கிராமப்புறத்தில் கொக்கிப்புழு அதிகம், நகர்ப்புறத்தில் உருண்டைப்புழு.

திருச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் கழிப்பறை உள்ள வீட்டிலிருந்து ஷூ போட்டுப் பள்ளிக்குப் போகும் பிள்ளையும், துறையூரைத் தாண்டிப் பச்சமலையில் வெறுங்காலோடு காட்டு வழி நடந்து வரும் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே மாத்திரையைத்தான் மெல்கிறார்கள். முதல் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒன்றே அதிகமாக இருக்கலாம். இரண்டாவது பிள்ளைக்கு இரண்டுகூடப் போதாமல் இருக்கலாம். மாவட்டத்துக்கு ஒரு சராசரி எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் ஒரே அட்டவணை போடுவது நிர்வாகத்துக்கு எளிது. மாத்திரை பாதுகாப்பானது, விலையும் மிகக் குறைவு என்பதால் அதில் பெரிய தவறும் இல்லை. ஆனால் எந்த ஒன்றியத்தில் குறைக்கலாம், எந்த மலைக் கிராமத்தில் கூட்ட வேண்டும் என்பதை மாத்திரைக் கணக்கு சொல்லாது. அதற்குப் பிள்ளைகளின் மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தே ஆக வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் வேறு வழி இல்லை.

பிள்ளைக்குக் கொடுத்தால் போதுமா?

கொக்கிப்புழு பெரும்பாலும் வயது ஏற ஏறக் கூடும். தோப்பிலும் வயலிலும் வேலை செய்யும் அப்பா, அம்மா, தாத்தாவுக்குத்தான் அதிகம் இருக்கும். பிள்ளைக்கு மட்டும் மாத்திரை கொடுத்துவிட்டுப் பெரியவர்களை விட்டால், மண் மறுபடி நிரம்பிக்கொண்டே இருக்கும். கென்யாவின் குவாலே பகுதியில் இதை அளந்து பார்த்தார்கள். 2019-ல் வெளியான முடிவு: பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்த ஊர்களில் இரண்டு ஆண்டில் கொக்கிப்புழுத் தொற்று 18.6 சதவீதத்திலிருந்து 13.8-க்குத்தான் இறங்கியது. ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கொடுத்தபோது 17.9-லிருந்து 8.0. எல்லோருக்கும் இரண்டு முறை கொடுத்த இடத்தில் 20.6-லிருந்து 6.2.

எத்தனை முறை என்பதைவிட யார் யாருக்கு என்பதுதான் பெரிய வித்தியாசத்தைத் தந்திருக்கிறது. இதே கேள்வியோடு டிவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வு பெனின், மலாவி நாடுகளிலும், இந்தியாவில் வேலூர் சி.எம்.சி. மூலம் திமிரி, ஜவ்வாது மலைப் பகுதிகளிலும் நடத்தப்பட்டது. தமிழ்நாடு அரசும் 2022-ல் 20 முதல் 30 வயதுப் பெண்களை இந்தத் திட்டத்தில் சேர்த்தது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் மட்டும் விலக்கு. ரத்தசோகை அதிகமுள்ள மாநிலத்தில் இது நல்ல நகர்வு. தோட்ட வேலைக்குப் போகும் 45 வயது அப்பா இன்னும் வெளியேதான் நிற்கிறார்.

உண்மையிலேயே பலன் இருக்கா?

இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்திருக்கிறது. கென்யாவின் புசியா பகுதியில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வை வைத்து, மாத்திரை கொடுத்ததும் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் இருப்பது கால் பங்கு குறைந்தது என்று 2004-ல் எட்வர்ட் மிகுவேல், மைக்கேல் கிரெமர் என்ற பொருளாதார அறிஞர்கள் எழுதினார்கள். கிரெமருக்கு 2019-ல் நோபல் பரிசும் கிடைத்தது. உலகம் முழுக்கப் பள்ளியில் மாத்திரை கொடுக்கும் ஆர்வத்துக்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். மறுபக்கம், உத்தரப் பிரதேசத்தில் சுமார் பத்து லட்சம் சிறு குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டுகள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளியானது. எடையிலோ இறப்பு விகிதத்திலோ சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்கிவிடவில்லை. புழு நிறைய இருக்கும் இடத்தில் மாத்திரையின் பலன் கண்ணுக்குத் தெரியும், குறைவாக இருக்கும் இடத்தில் சராசரியில் கரைந்துவிடும். ரத்தசோகையில் தவிக்கும் பச்சமலைப் பிள்ளைக்குக் கிடைக்கும் பலனை, புழுவே இல்லாத நகரத்துப் பிள்ளையோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் எதுவும் தெரியாமல்தான் போகும்.

முசிறி சொல்லும் கதை

மாத்திரையின் எண்ணிக்கையைக் குறைக்க ஒரே நிலையான வழி, மண்ணில் முட்டை விழாமல் பார்த்துக்கொள்வது. இந்த விஷயத்தில் திருச்சிக்கு நல்ல வரலாறு உண்டு. 1987-ல் இங்கே தொடங்கிய கிராமாலயா அமைப்பின் முயற்சியில், நகரின் கல்மந்தை குடிசைப் பகுதி திறந்தவெளி மலம் கழிப்பு இல்லாத இடமாக 2002-லேயே மாறியது. தூய்மை இந்தியா திட்டம் வர இன்னும் பன்னிரண்டு ஆண்டு இருந்த காலம் அது.

முசிறி கதை இன்னும் சுவாரஸ்யமானது. காவிரிக் கரை ஊர், நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழி தோண்டிக் கழிப்பறை கட்டினால் கழிவு நீரில் கலந்துவிடும். அதனால் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் தரைக்கு மேலே தொட்டி கட்டி, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் கழிப்பறைகளை அமைத்தது. மலத்தின் மேல் சாம்பல் தூவி, தொட்டியை மூடி, மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். பிறகுதான் அது வயலுக்கு உரம். 2008-ல், கழிப்பறைக்கு வந்து போனால் ஒரு முறைக்கு 10 பைசா என்று இவர்கள் மக்களுக்குக் காசு கொடுத்தது வெளிநாட்டுச் செய்திகளில்கூட வந்தது.

அந்தச் சாம்பலும் உலர்த்தலும் புழுக்களின் கோணத்தில் பார்த்தால் மிக முக்கியம். உருண்டைப்புழு முட்டை கெட்டியான ஓடு கொண்டது, ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதை வெல்ல உலர்வும் காரமும் நீண்ட காலமும் வேண்டும். பக்குவமாகாத செப்டிக் டேங்க் கழிவை ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலிலோ வயலிலோ கொட்டும் லாரிகள், ஆறு மாத மாத்திரை செய்த வேலையை ஒரே இரவில் அழித்துவிடுகின்றன.

மாத்திரை நாளில் கவனிக்க வேண்டியது

"போன மாசம் சிரப் கொடுத்துட்டேன்" என்றால் ஆசிரியரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லிவிடுங்கள். புழு இல்லாத பிள்ளைக்கும் இந்த மருந்து பாதுகாப்பானது என்பதால்தான் பரிசோதனை செய்யாமலே எல்லோருக்கும் தருகிறார்கள், பதற வேண்டியதில்லை. காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருந்தால், வேறு நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்கு வேண்டாம். ஒரு வாரம் கழித்து விடுபட்டவர்களுக்கென்று இன்னொரு நாள் வைப்பார்கள்.

மாத்திரையை மென்றுதான் விழுங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு முழு மாத்திரையை வாயில் போட்டு மூக்கைப் பிடித்துக் கொடுப்பது ஆபத்து, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துத் தண்ணீரில் கலந்து, உட்கார வைத்து, அழுகை நின்ற பிறகு கொடுங்கள்.

சில பிள்ளைகளுக்கு லேசான வயிற்றுவலி, குமட்டல் வரலாம். புழு அதிகமாக இருக்கும் பிள்ளைகளுக்கே இது கூடுதலாக வரும், சில மணி நேரத்தில் சரியாகிவிடும். கொஞ்ச நேரம் நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தால் போதும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்ததைப் பார்த்து பயத்திலேயே வகுப்பு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொள்வதும் நடக்கும். வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்பிக் கடுமையாக வலிக்கிறது, மலம் போகவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்விடுங்கள். நாக்குப்பூச்சிகள் திரண்டு குடலை அடைப்பது அரிது, ஆனால் நடப்பதுண்டு.